வாடகைக்கு ஒரு பாசறை

அக்பர் பாதுஷா பயணம் கிளம்பினால், அவருடைய கூடாரத் தொகுதியைச் சுமக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமையாட்கள் தேவைப்பட்டன. கணக்கு அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசலுடையது. 'அயினி அக்பரி'யில் இருக்கிறது. கூடாரம் அடிக்க 1,000 ஃபராஷ்கள், தண்ணீர் கொண்டுவர 100 பேர், கூட்டிப் பெருக்க 150 பேர் என்று பட்டியல் நீள்கிறது. இதெல்லாம் ஒரு தொகுதிக்கு மட்டும். இன்னொரு தொகுதி முன்கூட்டியே அடுத்த தங்கலுக்குப் போய்விடும். காலையில் ஓரிடத்தில் குதிரையேறிய பாதுஷா, வேறோர் இடத்தில் இறங்கும்போது அங்கேயும் அதே கம்பளம் விரித்திருக்கும்.

துடைப்பம் பிடித்தவர்களையும் எண்ணிச் சொன்னதற்காக அபுல் ஃபசலைப் பாராட்ட வேண்டும். இன்று கிளாம்பிங் என்ற பெயரில் மலையூர்களில் வாடகைக்குக் கிடைக்கும் சொகுசுக் கூடாரங்களின் விளம்பரங்களில் அந்தப் பட்டியல் இல்லை. வெள்ளைக் குமிழியாக ஒரு கூடாரம், உள்ளே இரட்டைக் கட்டில், காலடியில் கம்பளி, எதிரே தேயிலைச் சரிவு, சரிவின்மேல் படுத்திருக்கும் மேகம். படத்தில் ஆளே கிடையாது. தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, ஜெனரேட்டர், சமையல்கட்டு, வேலையாட்கள் படுக்கும் தகரக் கொட்டகை எல்லாம் படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. மலையில் ஒரு கூடார விடுமுறையைத் திட்டமிடுகிறவர் அந்த முதுகைத் தாண்டி எட்டிப்பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆசை தமிழுக்குப் பழையது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிதான். அதில் கணிசமான பகுதி ஒரு பாசறை வர்ணனைக்கே போய்விடுகிறது. காட்டாற்றை ஒட்டிய அகன்ற காட்டில் செடிகொடிகளை வெட்டியெறிந்து, முள்வேலி போட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருவாக அமைத்திருக்கிறார்கள். நடுவில் கோல் நட்டுத் திரை வளைத்த அரசனின் இருக்கை. அங்கே யவனர்கள் இருக்கிறார்கள், மணிவிளக்கு எரிகிறது. கச்சில் குறுவாள் கட்டிய பெண்கள் நெய் வார்த்து விளக்கேற்றுகிறார்கள். நாழிகை பார்த்துச் சொல்லத் தனி ஆட்கள். காவலுக்கு, பேசாமல் சைகையாலேயே உரையாடும் மிலேச்சர்கள். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும் மடிந்த வீரர்களையும் நினைத்து ஒரு கையைப் படுக்கையில் ஊன்றிக் கிடக்கிறான். தமிழின் முதல் சொகுசுக் கூடாரத்தில் தங்கியவன் கண்மூடவில்லை என்பது விளம்பரக்காரர்களுக்கு உவப்பான செய்தியாக இராது.

நீலகிரியில் இந்தக் கதை வேறு வடிவம் எடுத்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்து குளிரில் மயங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடும் ஏரியும் வந்தன. 1848இல் தாவரவியல் பூங்கா தொடங்கியது. பின்னர் கோடை வந்தால் சென்னை ராஜதானியின் அரசாங்கமே மூட்டைகட்டி மலையேறியது. மலைமுழுதும் சமவெளி ஆட்சியாளர்களின் ஓய்வுப் பாசறையாகிவிட்டது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் பல்சக்கர ரயில் ஏறும்வரை, சாமான்களும் துரைசானிகளும் மனிதத் தோள்களிலும் மாட்டு வண்டிகளிலும் ஏறினார்கள். எல்லோரும் மயங்கினார்கள் என்றும் சொல்லமுடியாது. உடல்நலம் தேற விடுப்பில் வந்த ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பர்ட்டன் 1851இல் வெளியிட்ட புத்தகத்தில் உதகையின் சலிப்பைப் பற்றித் தாராளமாகப் புலம்பியிருக்கிறார். மலைக்குப் போகும் எல்லோருக்கும் மூன்றாம் நாள் ஒரு பர்ட்டன் உள்ளுக்குள் விழித்துக்கொள்வார். இரண்டு இரவுக்கு மேல் முன்பணம் கட்டுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

எப்போது போவது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் பள்ளிக்கூடம் முடிவு செய்கிறது. ஏப்ரல், மே. உதகையில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, பர்லியாறிலிருந்து மேலே நகர மறுக்கும் வண்டி வரிசை. இந்த நெரிசலால்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு சீசனுக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் ஏறி வருகிறவரிடம் யாரும் இ-பாஸ் கேட்பதில்லை. ஆனால் சொகுசுக் கூடாரங்கள் பேருந்து நிற்கும் இடத்தில் இருப்பதில்லை. கடைசி நான்கைந்து கிலோமீட்டருக்கு ஜீப் வேண்டும். அந்த ஜீப் வாடகை விளம்பரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

சீசனை விட்டுவிட்டால் மலை வேறு கணக்குகளைச் சொல்கிறது. நீலகிரி ஒரே மலையென்று வரைபடத்தில் தெரிந்தாலும் அதற்கு இரண்டு மழைக்காலங்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதன் தொடரும் நடுவே நின்று மழையைப் பங்கிடுகின்றன. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு அது ஓராண்டு மழை. அதே மாதங்களில் கிழக்கே கோத்தகிரியில் சாரலும் மூடுபனியும் மட்டும் இருக்கும் நாட்கள் உண்டு. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளைத்தான் முதலில் பிடிக்கும். 2009 நவம்பரில் அந்தப் பக்கச் சரிவுகள் பெயர்ந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே 'ஊட்டியில் மழையா?' என்று கேட்பதில் பயனில்லை. எந்தச் சரிவு, எந்த மாதம் என்று கேட்க வேண்டும்.

டிசம்பரும் ஜனவரியும் வானம் துலங்கும் மாதங்கள்; உறைபனி மாதங்களும் அவைதான். உயரே போகப் போகக் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆனால் உறைபனி விழும் இரவில் இந்த விதி குப்புறக் கவிழும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளிகள் விடியற்காலையில் வெளுத்துக் கிடக்கின்றன. தேயிலை விவசாயிக்கு இது பாட்டன் காலத்துப் பாடம். பள்ளத்துச் செடிதான் முதலில் கருகும். உதகைப் பூங்காவில் நாற்றுகளின் மேல் கோத்தகிரி மலார் செடிகளைப் பரப்பி மூடிவைப்பார்கள். கூடார விடுதிக்காரரோ ஓடைக்கரையின் அழகான பள்ளத்தில்தான் குமிழியை நிறுத்தியிருப்பார். படம் அங்கேதான் நன்றாக வரும். அதே விடுதியில் ஐம்பது அடி மேலே சரிவில் இருக்கும் கூடாரத்தைக் கேட்டு வாங்குகிறவர் இரவில் பல் நடுங்காமல் தூங்குவார்.

குமிழிக் கூடாரத்துக்குள் இன்னொரு தொல்லை உண்டு. ஆள் மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த பிளாஸ்டிக் சுவரில் பட்டு நீராகி, விடியும்போது கட்டில்மேல் சொட்டும். பகலில் வெயில் பட்டால் அதே குமிழி வெந்துபோகும். இரட்டைத் துணியும் இடையே காற்றோட்டமும் உள்ள பழைய பாணிக் கித்தான் கூடாரம் படத்துக்குச் சுமார்தான்; படுப்பதற்கு அதுவே மேல். ஹீட்டர் வேலை செய்யாத இரவில் கரி அடுப்பை உள்ளே இழுத்துவைத்துப் படுப்பது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலையூர் விடுதிகளில் அப்படிப் படுத்து எழாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

தோடர்கள் இதே குளிருக்கு வேறு விடை கண்டிருந்தார்கள். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த அரைப்பீப்பாய் வீடு. முன்சுவரில் ஒரே ஒரு வாசல், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சன்னல் கிடையாது. வளைந்த கூரையில் காற்று வழுக்கிப் போகும், உள்ளே மூட்டிய தீயின் சூடு தங்கும். இன்றைய குமிழியும் வளைவுதான் என்றாலும், அதன் ஒரு பக்கம் முழுக்கக் காட்சிக்காகத் திறந்து கிடக்கிறது. நாள்முழுதும் எருமைகளோடு புல்வெளியில் திரிந்தவருக்கு இரவில் மலையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு நாள் வருகிறவருக்குப் போர்வைக்குள்ளிருந்தும் பார்த்தாக வேண்டியிருக்கிறது, கொடுத்த காசுக்காக. தோடர் கூரைக்கு வேய்ந்த புல் சதுப்பு நிலங்களில் வளர்வது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சீகையும் கற்பூர மரமும் புல்வெளிகளை விழுங்க, சதுப்புகள் வற்ற, அந்தப் புல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வளைந்த கூரையின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு 'தோடர் பாணிக் குடில்' என்று கான்கிரீட்டில் கட்டி வாடகைக்கு விடுவதும் நடக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் விடுவது கௌரவம்.

இடம் என்றதும் இன்னும் கனமான விஷயத்துக்கு வரவேண்டும். துணிக்கூடாரத்தின் பெரிய கவர்ச்சி அதன் எடையின்மை. இன்று அடித்து நாளை பிரித்தால் மண்ணில் தடமே இருக்காது என்று ஒரு நம்பிக்கை. கட்டடத்துக்குத்தானே அனுமதி, துணிக்கு எதற்கு என்ற வாதமும் அதிலிருந்து பிறந்ததுதான். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் ஆசிரியையை யானை தாக்கிக் கொன்றது. விசாரித்தபோது விடுதிக்கு உரிமம் இல்லை என்பது தெரியவந்தது. மாவட்டத்தில் அனுமதியில்லாத கூடாரங்களை மூடச் சொன்னார்கள். 2025 மே மாதம் அதே மேப்பாடி வட்டாரத்தில் மழையில் நனைந்த கூடார அமைப்பு ஒன்று சரிந்து இன்னொரு இளம்பெண் இறந்தார். துணி இலேசானதுதான், அதைத் தாங்கும் மரக்கழிகளும் ஈரம் குடித்த புற்கூரையும் இலேசானவை அல்ல.

மேப்பாடியில் யானை மனிதரைக் கொன்ற அதே 2021 ஜனவரியில் நீலகிரியின் மசினகுடியில் ஒரு யானை செத்தது. தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின்மேல் தீயிட்ட பொருளை எறிந்து விரட்டினார்கள். காது கருகிப் புண்ணாகி, சில நாளில் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் அது இறந்தது. எறியும் காட்சியின் காணொளி நாடெங்கும் பரவியது. மசினகுடியை உள்ளடக்கிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் நடக்கும் பாதை. தமிழக அரசு 2010இல் அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அங்கே 11 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபர் 14ஆம் தேதித் தீர்ப்பில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உறுதிசெய்தது. தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடியும்போதுதான் அந்த யானையின் காது எரிந்தது.

அந்த ஜனவரியின் இரண்டு சாவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் 'காட்டின் நடுவே தங்கலாம்' என்ற விளம்பர வாசகத்துக்கு வேறு பொருள் வருகிறது. காட்டின் நடுவே ஏற்கெனவே ஒருவர் தங்கியிருக்கிறார். கோத்தகிரிப் பக்கம் கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் கூட்டமாக மேயும். ஊர்க்காரர்கள் அவற்றோடு ஓர் ஒப்பந்தத்தில் வாழ்கிறார்கள்: இருட்டியபின் தனியே நடக்கமாட்டார்கள், எச்சிலை வெளியே கொட்டமாட்டார்கள், காட்டெருமை வழியில் நின்றால் அது நகரும்வரை நிற்பார்கள். விருந்தாளிக்கு இதை யாரும் சொல்வதில்லை. பாட்டுப் போட்டு, பார்பிக்யூ வைத்து, மிச்சம் மீதியைக் கூடாரத்து மூலையில் விட்டுவிட்டுப் படுக்கிறார். கரடிக்கு அழைப்பிதழ் வைக்க இதைவிடச் சுலபமான வழியில்லை.

கேம்ப் ஃபயர் இல்லாத கூடாரத் தொகுப்பே இல்லை. விறகு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஒருபுறம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல்வெளி காய்ந்து தீக்குச்சிக்குக் காத்திருக்கும் என்பது மறுபுறம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தப் பருவத்தில்தான். அவர்கள் வந்த வழியில் இருப்பது கொழுக்குமலை, சூரிய உதயத்துக்காகக் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு இன்று பேர்பெற்ற இடம்.

பின், தண்ணீர். உண்மையில் முதலில் கேட்கவேண்டியதே இதுதான். விருந்தாளிகள் வைஃபை பற்றிக் கேட்ட பிறகும் இதைக் கேட்பதில்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டவும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு உண்டு. அப்படியென்றால் பத்துக் கூடாரங்களின் வெந்நீர்த் தொட்டிக்கு நீர் எங்கிருந்து வரும்? ஒன்று, லாரியில் வரும். அல்லது மேலேயிருக்கும் ஊற்றில் கறுப்புக் குழாய் போட்டு இறங்கும். கீழே ஒரு ஹட்டி இருந்தால், அதாவது படகர் ஊர் இருந்தால், அந்த ஊற்று அவர்களுடைய கேரட் பாத்திக்கும் குடத்துக்கும் போக வேண்டியது. கழிவும் அதே சரிவில்தான் இறங்கும். சமவெளியில் பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டி பக்கத்து வீட்டின் விவகாரம். மலையில் அப்படி இல்லை. மேலே ஒருவர் கொட்டுவது கீழே ஒருவரின் ஊற்றுக்கு வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மலைப்பக்கமே போகக்கூடாது என்று யாராவது முடிவெடுத்தால் அது வருத்தத்துக்குரியது. மலையில் கூடாரத்தில் படுப்பதில் உண்மையான சுகம் ஒன்று இருக்கிறது. கல்கட்டடத்துக்குள் கேட்காதவை துணிக்குள் கேட்கும்: மூடுபனி மரத்தில் திரண்டு சொட்டுவது, கேளையாடு குரைப்பது, விடிவதற்குள் தேயிலைத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டு ஏறிப்போவது. வானமும் இருக்கிறது. சூரியனை ஆராய இடம் தேடிய வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார்; 1901இலிருந்து அங்கே வானாய்வகம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரவு வானத்துக்காகப் போகிறவர் ஆராய்ச்சியெல்லாம் செய்ய வேண்டாம், வீட்டு நாள்காட்டியில் அமாவாசை எப்போதென்று பார்த்தால் போதும். டிசம்பர் 14ஐ ஒட்டி ஜெமினிட் எரிகற்கள் விழும். கூடாரத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு மாட்டியிருந்தால் அணைக்கச் சொல்லிவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். நீலக்குறிஞ்சி பார்க்க விரும்புகிறவருக்கு இன்னும் பொறுமை வேண்டும்: 2006, 2018, அடுத்தது 2030.

எழுதுகிறவரின் சிபாரிசு கேட்டால், ஜனவரி பிற்பாதி அல்லது பிப்ரவரி முதல் வாரம், வார நாள், கோத்தகிரிப் பக்கம், பஞ்சாயத்து உரிமம் உள்ள இடம், சரிவின் நடுவில் கித்தான் கூடாரம், தீ மூட்டாத இரவு. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து போகிறது. பிளாஸ்டிக் அல்லாத குடிநீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். கம்பளிக் குல்லாவும் டார்ச்சும் வேண்டும். மழை மாதமென்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? உரிமம் யார் பெயரில்? ராத்திரி யானையோ கரடியோ வந்தால் யாரைக் கூப்பிடுவது? நல்ல விடுதிக்காரர் கொஞ்சம் யோசித்து, ஊற்றின் பெயரையும் வனக்காவலரின் பெயரையும் சொல்லுவார். "சார், அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நம்மகிட்ட ஸ்விம்மிங் பூலும் இருக்கு" என்று பதில் வந்தால், அடுத்த விடுதியின் எண்ணைத் தேடலாம்.